தோல் புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

உங்கள் அம்மாவின் உள்ளங்காலில் இருந்த கருந்திட்டைப் பயாப்சி செய்ததில் மெலனோமா (நிறமி செல்களில் தோன்றும் தோல் புற்றுநோய்) என்று முடிவு வந்திருப்பதாகவும், பார்க்கச் சொல்லியிருக்கும் மருத்துவரின் பக்கத்தில் தோல் புற்றுநோய், மூலக்கூறு உயிரியல் ஆகிய தலைப்புகளில் 180க்கும் மேற்பட்ட கட்டுரைகள் பட்டியலிடப்பட்டிருப்பதாகவும், அவற்றின் தலைப்புகள்கூடப் புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். "இது பெரிய பதிவா, இதை வைத்து அவரை நம்பலாமா?" என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அவர் ஆய்வாளராக எப்படிப்பட்டவர் என்பது ஒன்று. அம்மாவின் சிகிச்சைக்கு அவர் பொருத்தமானவரா என்பது மற்றொன்று. முதலாவதற்கு அந்தப் பட்டியலிலிருந்து ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு அது மிகக் குறைவாகவே உதவும். நான் தோல் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோய்க்கூறியல் மருத்துவர். மூலக்கூறு ஆய்வகத்திலும் வேலை செய்திருக்கிறேன். ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பீடு செய்வதும் பணி நியமனக் குழுக்களில் அமர்ந்து இத்தகைய பட்டியல்களைப் படிப்பதும் என் வேலையின் பகுதி. அறுவை செய்வதும் புற்றுநோய் மருந்து கொடுப்பதும் என் வேலை அல்ல என்பதால், சிகிச்சை குறித்து இங்கே நான் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான்; பட்டியலில் மிகக் குறைவாகப் பேசுவதும் அதுதான். 180 என்ற எண்ணுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புதிய தரவுகளோடு எழுதப்பட்ட மூல ஆய்வுக் கட்டுரைகள் ஒரு வகை. பிறர் செய்தவற்றைத் தொகுத்து எழுதும் மீளாய்வுக் கட்டுரைகள் இன்னொரு வகை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு, ஆசிரியருக்குக் கடிதம், மாநாட்டில் வாசித்த சுருக்கம், பாடநூலின் ஓர் அத்தியாயம் எனப் பலவும் ஒரே பட்டியலில் வரிசையெண் பெற்றுவிடும். தோல் மருத்துவத்தில் இந்த வேறுபாட்டுக்கு மற்றத் துறைகளைவிடக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. நோய் கண்ணுக்குத் தெரியும் துறை என்பதால், அரிதான ஒரு புண்ணின் நல்ல புகைப்படமும் ஒன்றரைப் பக்க விளக்கமும் இருந்தால் அது அச்சேறிவிடும். அதை இழிவாகச் சொல்லவில்லை. அரிய நோய்கள் பல முதலில் அப்படித்தான் வெளியே தெரிய வந்தன. ஆனால் அத்தகைய குறிப்புகள் 90, மூல ஆய்வுகள் 20 என்றிருக்கும் 180ம், மூல ஆய்வுகளே 120 என்றிருக்கும் 180ம் ஒன்றாகா. மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் அவருடைய பெயரைத் தேடி, இடப்பக்கத்தில் உள்ள வடிகட்டிகளில் கட்டுரை வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரிவு ஓரளவு தெரிந்துவிடும்.

பெயரைத் தேடும்போதே ஒரு சிக்கல் வரும். ஆய்விதழ்கள் பலகாலமாகக் குடும்பப் பெயரையும் முன்னெழுத்தையும் மட்டுமே பதிவு செய்துவந்தன. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதவர்களின் பெயர்கள் ஒரு கட்டுரையில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் அச்சாகியிருக்கும். அதனால் ஒரே ஆள் மூவராகச் சிதறியிருப்பதும், மூன்று பேரின் வேலை ஒருவர் கணக்கில் சேர்ந்திருப்பதும் சாதாரணம். தானாகவே தொகுக்கும் கூகுள் ஸ்காலர் போன்ற பக்கங்களில் இது அதிகம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2012இல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் முறை வந்தது. அவருக்கு அந்த எண் இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால், கட்டுரைகளில் உள்ள நிறுவனப் பெயரையும் உடன் எழுதியவர்களையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். தோல் புற்றுநோய்க் கட்டுரைகளுக்கு நடுவே திடீரென்று நெல் மரபணுவைப் பற்றி ஒன்று தலைகாட்டினால், பெரும்பாலும் அது வேறொருவருடையது.

அடுத்து, ஆசிரியர் வரிசையில் அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். உயிரியல், மருத்துவத் துறைகளின் வழக்கப்படி முதல் இடத்தில் இருப்பவர் பெரும்பாலான சோதனைகளைத் தம் கையால் செய்து எழுதியவர். கடைசி இடத்தில் இருப்பவர் அந்த ஆய்வுக்கூடத்தை நடத்துபவர், கேள்வியை வகுத்து நிதி கொண்டுவந்தவர். நடுவில் இருப்பவர்களின் பங்கு எதுவாகவும் இருக்கலாம்: திசு மாதிரி கொடுத்தவர், புள்ளியியல் செய்தவர், நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவர். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஆசிரியர் என்று பெயர் போட நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலை முழுவதற்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் துறைத்தலைவர் என்பதற்காகவே பெயர் சேர்ப்பது இன்னும் ஒழியவில்லை என்பதை இந்தத் துறையில் இருக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். பல ஆய்விதழ்கள் இப்போது கட்டுரையின் முடிவில் யார் எதைச் செய்தார் என்று தனியாக அச்சிடுகின்றன. அந்தச் சின்ன எழுத்துப் பத்தியை நான் விடாமல் படிப்பேன். 10 ஆசிரியர்கள் உள்ள கட்டுரையில் ஒருவருக்கு "கையெழுத்துப் பிரதியைப் படித்தார்" என்பது மட்டுமே எழுதியிருந்தால் அது சொல்லும் சேதி தெளிவானது. நல்ல வளர்ச்சி என்பது பொதுவாக இப்படித் தெரியும்: தொடக்க ஆண்டுகளில் முதல் இடத்தில் சில கட்டுரைகள், பிறகு ஒரு மாறுகாலம், அதன்பின் கடைசி இடத்தில் தம் மாணவர்களை முன்னே வைத்து எழுதியவை. இளமையிலிருந்தே எல்லாவற்றிலும் நடுவில் மட்டுமே பெயர் இருந்தால், அவர் பயனுள்ள கூட்டாளியாக இருக்கலாம். தமக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டவர் என்று சொல்லப் பட்டியலில் ஆதாரம் இருக்காது. பெரிய கூட்டமைப்புகளின் கட்டுரைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 2015இல் செல் இதழில் வெளிவந்த புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தின் மெலனோமாக் கட்டுரை போன்றவற்றில் பங்களித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவற்றுக்கு விழும் ஆயிரக்கணக்கான மேற்கோள்களைத் தனி ஒருவர் கணக்கில் எழுத முடியாது.

இனி, நான் அதிக நேரம் செலவிடும் இடத்துக்கு வருகிறேன். கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, அந்தந்த ஆண்டில் துறைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதோடு பொருத்திப் பார்ப்பேன். தோல் புற்றுநோயின் மூலக்கூறு உயிரியலுக்கு ஒரு தெளிவான காலவரிசை இருப்பதால் இது எளிது. பழுதான டிஎன்ஏவைச் சீர்செய்ய முடியாததால்தான் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்குச் சூரிய ஒளி பட்ட இடமெல்லாம் புற்றுநோய் வருகிறது என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். தோலின் மேலடுக்கு செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோயில் பி53 மரபணுவில் உள்ள பிறழ்வுகள் புற ஊதாக் கதிரின் கைரேகையைத் தாங்கியிருப்பதை 1991இல் டக்ளஸ் பிராஷ் குழு வெளியிட்டது. டிஎன்ஏவின் எழுத்துகளில் அடுத்தடுத்துள்ள இரண்டு சைட்டோசின்கள் இரண்டு தைமின்களாக மாறியிருப்பதுதான் அந்தக் கைரேகை. மற்றொரு தோல் புற்றுநோய் வகையான அடித்தள செல் புற்றுநோய்க்குப் பின்னால் பேட்ச்டு என்ற மரபணு இருப்பது 1996இல் தெரிந்தது. அதிலிருந்து கிளைத்த விஸ்மோடெகிப் மருந்து 2012இல் அனுமதி பெற்றது. மெலனோமாவில் பிராஃப் மரபணுப் பிறழ்வு 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. தோலில் வரும் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் அது இருக்கிறது. அதைக் குறிவைத்த வெமுராஃபெனிப்பும், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கட்டவிழ்த்துவிடும் இப்பிலிமுமாபும் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பிந்தைய மருந்துக்கு அடிப்படையான ஆய்வுக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோவுடன் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால், ஒருவர் ஒரு கேள்வியைப் பற்றி அது பிரபலமாவதற்கு முன்பே யோசித்துக்கொண்டிருந்தாரா, அல்லது காற்றடிக்கும் பக்கமெல்லாம் திரும்பினாரா என்பது தெரியும். மெலனோமா மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்த 2005 வாக்கில் ஒருவர் மெலனோமாவுக்கு எதிரான உடலின் நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் அதற்கு எடை உண்டு. 2014க்குப் பிறகு திடீரென்று எல்லாக் கட்டுரைகளிலும் எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்ற சொல் நுழைந்திருந்தால் அது குற்றமில்லை, ஆனால் அதற்குக் கொடுக்கும் எடை வேறு. நுணுக்கமான ஓர் அடையாளமும் உண்டு. பிராஃப் புரதத்தின் மிகப் பொதுவான பிறழ்வை இன்று எல்லாரும் வி600ஈ என்கிறோம். 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் முதலில் கிடைத்த மரபணு வரிசையில் ஒரு சிறு பிழை இருந்ததால் 2002இலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலும் அது வி599ஈ என்றே அச்சானது. அந்தப் பழைய எண்ணோடு அவர் பெயரில் ஒரு கட்டுரை இருந்தால், அந்தக் கண்டுபிடிப்பின் ஈரம் காயும் முன்பே அவர் களத்தில் இருந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே எண்ணை 2015 கட்டுரையில் பார்த்தால் எனக்குப் புருவம் உயரும்.

கட்டுரை எதில் செய்யப்பட்டது என்பது அடுத்தது: வளர்ப்புக் கிண்ணத்தில் வளரும் செல் வரிசையிலா, எலியிலா, நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டியிலா, நோயாளிகளிலேயேவா? தலைப்பில் "மெலனோமா" என்று இருப்பதால் மட்டும் அது நோயாளிகளைப் பற்றியது ஆகிவிடாது. செல் வரிசைகளை எடுத்துக்கொண்டால், எம்டிஏ-எம்பி-435 என்ற ஒன்றின் கதை இத்துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணிடமிருந்து 1970களில் எடுக்கப்பட்டதாகச் சொல்லி, உலகம் முழுவதும் மார்பகப் புற்றுநோய் பரவுவதை ஆராய அதைப் பயன்படுத்தினார்கள். 2000இல் அதன் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்தபோது அது மெலனோமாவைப் போல நடந்துகொண்டது. பின்னர் டிஎன்ஏ அடையாளச் சோதனைகள் அது எம்14 என்ற மெலனோமா செல் வரிசையே என்று காட்டின. ஆக, மார்பகப் புற்றுநோய் என்ற தலைப்பில் வெளிவந்த எத்தனையோ கட்டுரைகள் உண்மையில் மெலனோமாவைப் பற்றியவை. இதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் சோதனை ஒன்று கிடைக்கிறது: செய்முறைப் பகுதியில் "செல் வரிசைகளின் அடையாளம் டிஎன்ஏ முறையில் உறுதிசெய்யப்பட்டது" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். அண்மைக் கட்டுரைகளில் அது இல்லாவிட்டால் நான் கட்டுரையைத் தள்ளிவிட மாட்டேன், ஆனால் முடிவுகளைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பேன்.

ஆய்வகமும் நோயாளியும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மருத்துவரின் தலைப்பே இரண்டின் சேர்க்கை. வெமுராஃபெனிப் எடுத்துக்கொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு மெலனோமா சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வேறு இடங்களில் செதிள் செல் புற்றுநோய்கள் முளைத்தன. பிறழ்வு உள்ள பிராஃபைத் தடுக்கும் அதே மருந்து, பிறழ்வு இல்லாத பிராஃப் உள்ள செல்களில், பிராஃப் வழியாகச் செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞைப் பாதையைத் தூண்டிவிடுகிறது என்பதை 2010இல் ஆய்வகங்கள் காட்டியிருந்தன. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரை, அப்படி முளைத்த புண்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ராஸ் மரபணுப் பிறழ்வு ஏற்கெனவே இருந்ததைக் காட்டியது. மருந்து அவற்றை உண்டாக்கவில்லை, உறங்கிக்கொண்டிருந்தவற்றை எழுப்பிவிட்டது. பின்னர் மெக் என்ற அடுத்த கட்டப் புரதத்தைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது இந்தப் பக்கவிளைவு குறைந்தது. நோயாளியிடம் கண்ட ஒன்றை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அங்கே கிடைத்த பதிலை நோயாளியிடம் திருப்பிக் கொண்டுவரும் இந்தச் சுழற்சி அவருடைய பட்டியலில் ஓரிடத்திலாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், தோல் புற்றுநோய் என்பதும் மூலக்கூறு உயிரியல் என்பதும் அவரிடம் உண்மையாகவே சேர்ந்திருக்கின்றன.

ஆய்விதழின் பெயர், எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபாக்டர் ஆகியவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எச்-இண்டெக்ஸ் 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்தது. 40 என்றால் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள். வயது கூடக் கூட அது ஏறுமே தவிர இறங்காது. இம்பாக்ட் ஃபாக்டர் என்பது இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குச் சராசரியாக விழுந்த மேற்கோள். அதில் ஒரு தனிக் கட்டுரையின் தரம் தெரியாது. ஆய்வாளர்களை மதிப்பிட இதழ் அளவீடுகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013 முதல் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் குழுக்களில் அதற்குத் தலையாட்டிவிட்டு எண்ணைக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. இதழ்களில் ஜர்னல் ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் டெர்மட்டாலஜி, பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி, ஜாமா டெர்மட்டாலஜி, பிக்மென்ட் செல் அண்ட் மெலனோமா ரிசர்ச் ஆகியவை இத்துறையின் நிலையான முகவரிகள். அவருடைய முக்கியமான வேலைகள் இவற்றிலோ பொதுவான பெரிய இதழ்களிலோ வந்திருந்தால், துறை அறிந்தவர்கள் அவற்றைப் படித்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். கேள்விப்பட்டிராத இதழ்களில், ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தலைப்புகளில் 30 கட்டுரைகள் என்றால் கவனம் தேவை. ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 2023இல் 8000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன; காசுக்குக் கட்டுரை தயாரித்துத் தரும் தொழிற்சாலைகளின் சரக்கு அதில் நிறைய இருந்தது.

நல்ல இதழில் வந்தது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். புற்றுநோய் ஆய்வில் மைல்கல் என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளை ஆம்ஜென் நிறுவனத்தில் மீண்டும் செய்து பார்த்தபோது 6 மட்டுமே உறுதிப்பட்டன என்று 2012இல் கிளென் பெக்லியும் லீ எல்லிஸும் எழுதினார்கள். எலிசபெத் பிக் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து, 3.8 சதவீதத்தில் ஒரே படம் தகாத முறையில் திரும்ப வந்திருப்பதைக் கண்டார். மூலக்கூறு உயிரியலில் புரதப் பட்டைகளைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படங்கள்தான் இதில் அதிகம் சிக்கும்: ஒரு சோதனையின் பட்டையைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்றின் முடிவாக ஒட்டியிருப்பார்கள், பட்டையின் ஓரத்தில் இருக்கும் தூசிப் புள்ளி மட்டும் இரண்டிலும் அதே இடத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். இதைச் சாதாரண வாசகர் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்திலும், வெளிவந்த கட்டுரைகளைப் பற்றிய ஐயங்களை வாசகர்கள் எழுதும் பப்பியர் தளத்திலும் அவருடைய பெயரைப் போட்டுப் பார்க்க யாராலும் முடியும். ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருப்பதை வைத்து மட்டும் ஆளை எடைபோட வேண்டாம், காரணத்தைப் படியுங்கள். "செல் வரிசை கலந்துவிட்டதை நாங்களே கண்டுபிடித்தோம்" என்று தாமாகவே எழுதித் திரும்பப் பெற்றவர் மீது எனக்கு மதிப்பு கூடும். மூன்று நான்கு கட்டுரைகளில் ஒரே மாதிரிப் படச் சிக்கல் இருந்து, பதிலே வராமல் கிடந்தால் அது வேறு.

அவருடைய முடிவுகளை அவரோடு தொடர்பில்லாத வேறு குழு உறுதிப்படுத்தியிருக்கிறதா என்பதையே எல்லாவற்றிலும் வலுவான அடையாளமாக நான் கருதுகிறேன். அவரது முக்கியமான கட்டுரை ஒன்றின் பக்கத்தில் "இதை மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பை அழுத்தி, வேறு நிறுவனங்களின் சில கட்டுரைகளின் சுருக்கங்களைப் படியுங்கள். அவர்கள் அதன்மேல் கட்டியிருக்கிறார்களா, மறுத்திருக்கிறார்களா, வெறுமனே முன்னுரையில் பெயர் சொல்லிப் போயிருக்கிறார்களா என்பது சுருக்கத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். மருந்துச் சோதனைகள் நடத்தியவர் என்றால், சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் கிளினிக்கல் டிரயல்ஸ் தளத்தில் அவர் தொடங்கியவை எத்தனை, முடிவு வெளியிட்டவை எத்தனை என்று ஒப்பிடுங்கள். நன்றாக வந்தவை மட்டும் அச்சேறி, மற்றவை சத்தமில்லாமல் மறைந்திருந்தால், பட்டியல் உண்மையைவிடப் பிரகாசமாகத் தெரியும். தோற்ற சோதனையையும் வெளியிட்டிருந்தால் அதை நான் தகுதிக் கணக்கில்தான் சேர்ப்பேன். மெலனோமாவில் நிணநீர்க் கணுவில் சிறிதளவு நோய் இருந்தால் மீதிக் கணுக்களையும் வெட்டியெடுப்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. அதனால் மெலனோமாவால் ஏற்படும் இறப்பு குறையவில்லை என்பதை 2017இல் ஒரு பெரிய பன்னாட்டுச் சோதனை காட்டியபோது, அதை வெளியிட்டவர்களில் பலர் அந்த அறுவையைப் பல ஆண்டுகள் செய்துவந்தவர்கள். இதனால்தான் ஒருவரின் 2008 கட்டுரையில் சொன்ன பரிந்துரையை வைத்து இன்று அவர் என்ன செய்வார் என்று முடிவு கட்டக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பட்டியலிலிருந்து தெரியாதவை பல: அவர் கத்தியை எப்படிப் பிடிப்பார், நோயாளி பேசும்போது காது கொடுப்பாரா, வாரத்தில் எத்தனை நாள் புறநோயாளிப் பிரிவில் இருப்பார், ஐயமுள்ள திசுவை இரண்டாவது ஆளுக்கு அனுப்புவாரா. கடைசியாகச் சொன்னது என் துறையோடு தொடர்புடையது. மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ள திசுக்களில் நோய்க்கூறியல் மருத்துவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போவது குறைவு என்பதை 2017இல் அமெரிக்காவில் 187 பேரை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. ஆகவே அம்மாவின் பயாப்சித் திசு உள்ள கண்ணாடித் தகடுகளை மெலனோமாவில் பழகிய இன்னொருவரும் பார்த்தாரா என்பது, சிகிச்சை தருபவருக்கு 180 கட்டுரைகள் இருப்பதைவிட உங்களுக்கு உடனடியாகத் தேவையான தகவல்.

உள்ளங்கால் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவை ஏக்ரல் மெலனோமா என்போம். நிறம் அடர்ந்த தோல் உடையவர்களுக்கு வரும் மெலனோமாக்களில் இதன் பங்கு அதிகம். சூரிய ஒளிக்கு இதில் பெரிய பங்கு இல்லை, மரபணுக்களும் வேறு. 2005இல் வெளிவந்த கர்ட்டின் குழுவின் கட்டுரை, உடலின் எந்த இடத்தில், எவ்வளவு வெயில் பட்ட தோலில் வந்தது என்பதைப் பொறுத்து மெலனோமாவின் மரபணு மாற்றங்கள் மாறுவதைக் காட்டியது. ஏக்ரல் வகையில் பிராஃப் பிறழ்வு குறைவு; கிட் என்ற மரபணுவின் மாற்றங்கள் ஒரு பகுதியில் உண்டு; மரபணுத் தொகுதியின் பெரிய துண்டுகள் பலமடங்கு பெருகியிருப்பது அதிகம். எதிர்ப்பாற்றல் மருந்துகளும் வெயில்பட்ட தோலின் மெலனோமாவில் பலன் தருவதைப் போல இதில் தருவதில்லை என்றே பெரும்பாலான தொகுப்புகள் சொல்கின்றன. ஆனால் பெரிய சோதனைகளில் ஏக்ரல் நோயாளிகள் குறைவாகவே சேர்க்கப்பட்டதால், எவ்வளவு குறைவு என்பது இன்னும் விவாதத்துக்குரியது. இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த 180இல் உங்களுக்கு வேண்டியவை சிலவே இருக்கலாம் என்பதுதான். பட்டியலில் ஏக்ரல் என்ற சொல்லைத் தேடுங்கள். அவருடைய வேலை முழுவதும் அடித்தள செல் புற்றுநோயிலும் பேட்ச்டு மரபணுவிலும் இருந்தால், அவர் தம் இடத்தில் தலைசிறந்தவராக இருக்கலாம். உங்கள் அம்மாவின் நோய் அவருடைய ஆய்வின் பொருள் அல்ல.

நடைமுறையில் நான் செய்யச் சொல்வது இது. பட்டியல் முழுவதையும் விட்டுவிட்டு ஐந்து கட்டுரைகளை எடுங்கள்: அவர் முதல் இடத்தில் இருந்த பழையது ஒன்று, கடைசி இடத்தில் இருக்கும் அண்மைக் கட்டுரைகள் இரண்டு, அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது ஒன்று, உங்கள் அம்மாவின் நோய்க்கு மிக அருகில் இருப்பது ஒன்று. ஒவ்வொன்றிலும் சுருக்கத்தையும், விவாதப் பகுதியில் ஆய்வின் குறைகளைப் பற்றி அவர்களே எழுதியிருக்கும் பத்தியையும், நலன் முரண் அறிவிப்பையும் படித்தால் போதும். மருந்து நிறுவனத்திடமிருந்து ஆய்வு நிதி பெற்றிருந்தால் பதற வேண்டாம், இத்துறையில் புதிய மருந்துகளைச் சோதித்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். அறிவிக்காமல் மறைத்திருந்தால்தான் பிரச்சினை. குறைகளைப் பற்றிய பத்தி மேம்போக்காக இருக்கிறதா, அல்லது வாசகர் கேட்கக்கூடிய கடினமான கேள்வியை அவர்களே கேட்டுக்கொள்கிறார்களா என்பதில் ஓர் ஆய்வாளரின் குணம் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஒரு மாலையில் செய்துவிடலாம்; இதற்காக அவரைச் சந்திக்கும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். பயாப்சி அறிக்கையில் பிரெஸ்லோ தடிமன் என்று ஒரு மில்லிமீட்டர் அளவும், மேற்பரப்பு புண்ணாகியிருக்கிறதா என்ற குறிப்பும் இருக்கும். தோலின் மேல்பக்கத்திலிருந்து கட்டியின் மிக ஆழமான செல் வரை அளக்கும் இந்த அளவை அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் முன்வைத்தார், இன்றும் அடுத்த முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகின்றன. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். தகடுகளை இன்னொருவர் பார்த்தாரா, கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் கணுவைப் பரிசோதிப்பது தேவையா, பிராஃப், கிட் சோதனைகளை இப்போதே செய்ய வேண்டுமா அல்லது நோய் பரவியிருந்தால் மட்டுமா, அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டத்தில் அம்மாவின் விவரம் வைக்கப்படுமா என்று கேளுங்கள். ஏக்ரல் மெலனோமா நோயாளிகளை அவரே தொடர்ந்து பார்க்கிறாரா என்றும் நேராகவே கேட்கலாம். ஆய்வில் உண்மையாக ஈடுபட்டவர்கள் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அறிக்கையில் உள்ள தடிமன் அளவையும் புண் பற்றிய குறிப்பையும், பெயர், மருத்துவமனை விவரங்களை நீக்கிவிட்டு, இங்கே எழுதினால் அவற்றின் பொருளை நான் விளக்க முடியும். எந்தச் சிகிச்சை என்பதை அம்மாவை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.